தாடை அறுவை சிகிச்சை ‘அழகு’ செலவா? காப்பீடு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்?

“கம்பி போட்டா எல்லாம் சரியாகிடும்.” பல் தூக்கலாக இருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்குச் சிக்கல் பல்லில் இல்லை, பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பில் இருக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வளர்ந்திருக்கும். அல்லது வளராமல் பின்னால் தங்கியிருக்கும். முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. இட்லி இறங்கிவிடும், முறுக்கைக் கடிக்க முடியாது. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் குழறும். கீழ்த்தாடை மிகவும் சிறுத்திருந்தால் தூக்கத்தில் மூச்சே தடைபடலாம்.

இவர்களுக்கு எலும்பை வெட்டி, சரியான இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். மருத்துவர்கள் இதை ‘ஆர்த்தோக்னாதிக் சர்ஜரி’ என்கிறார்கள். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே வெட்டுவதால் முகத்தில் தழும்பு தெரியாது. செலவு லட்சங்களில் வரும். “கார்டு செல்லுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?” என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பதில் நோயைவிட, அந்த நோய்க்குக் காகிதத்தில் என்ன பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. சிகிச்சை எந்த வயதில், எந்த வரிசையில் நடக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஒரு சிகிச்சை, மூன்று பில்

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். தாடை அறுவை சிகிச்சை ஒரே நாளில் முடியும் விஷயம் இல்லை. முதலில் ஓராண்டோ, ஒன்றரை ஆண்டோ பல்லில் கம்பி போட்டு, பற்களை அறுவை சிகிச்சைக்குத் தயாராக வரிசைப்படுத்துவார்கள். (இந்தக் கட்டத்தில் கடி இன்னும் மோசமானது போலத் தெரியும், பயப்பட வேண்டாம்.) பிறகுதான் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து, அறுவை அரங்கு, தகடு, சில நாள் படுக்கை எல்லாம் இதில் அடங்கும். அதன் பிறகும் பல மாதங்கள் கம்பி தொடரும்.

அரசுத் திட்டமோ, தனியார் பாலிசியோ, பேசுவதெல்லாம் நடுவில் உள்ள அந்தச் சில நாட்களைப் பற்றி மட்டும்தான். முன்னும் பின்னும் மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வரும் கம்பிச் செலவு புறநோயாளி சிகிச்சை. அது கைக்காசுதான். “ஆபரேஷன் ஃப்ரீ” என்று கேள்விப்பட்டுக் கிளம்பும் குடும்பங்கள் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இது. அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தாலும், அதற்குத் தயாராகும் செலவுக்குப் பணம் இல்லாவிட்டால் அந்த அனுமதிக்கு வேலையே இல்லை.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும்?

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த அதே கார்டுதான் இது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை. ₹72,000 ஆக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022 ஜனவரியில் ₹1.20 லட்சமாக உயர்ந்தது. நெல்லை மாவட்டத்தில் இருப்பவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

கார்டு கையில் இருந்தால் போதுமா என்றால், போதாது. இந்தத் திட்டம் நோயின் பெயரைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ‘பேக்கேஜ்’ எனப்படும் சிகிச்சைப் பட்டியலைப் பார்த்துத்தான் தருகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு, ஒரு தொகை. ஆயுஷ்மான் பாரத் பட்டியலின் வாய், தாடைப் பிரிவைப் புரட்டினால், உடைந்த தாடையைத் தகடு வைத்துச் சேர்ப்பது, இறுகிப்போன தாடை மூட்டை விடுவிப்பது, கட்டி, நீர்க்கட்டி அகற்றுவது ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. விபத்தும் கட்டியும் அவசரம். வளர்ச்சிக் கோளாறோ “பிறகு பார்த்துக்கலாம்” வகை. பட்டியல் அந்த மனநிலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதனால் மருத்துவமனையில் “கார்டு எடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். “என் சிகிச்சையை எந்தப் பேக்கேஜில் அனுமதிக்கு அனுப்புவீங்க? தகடு, திருகு அதுக்குள்ள வருமா?” என்று கேளுங்கள். அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. எக்ஸ்ரே, புகைப்படம், மருத்துவர் குறிப்பு எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போகும். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

கார்டு இல்லாதவர்களுக்கும் அரசு மருத்துவமனையின் கதவு திறந்தே இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுவதுதான் நல்லது. குறைந்தபட்சம், எது வெறும் பல் சிக்கல், எது எலும்புச் சிக்கல் என்ற முதல் கருத்து கைக்காசு இல்லாமல் கிடைத்துவிடும்.

கம்பியும் அறுவை சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடப்பது பல் மருத்துவக் கல்லூரிகளில்தான். தமிழக அரசின் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, கடலூர் மாவட்டம், 2023இல் திறந்த புதுக்கோட்டை ஆகிய மூன்று இடங்களில் இருக்கின்றன. தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால் மூன்றுமே தூரம். நெல்லை மாவட்டத்துக்குள் காவல்கிணற்றில் இருப்பது தனியார் கல்லூரி. சென்னை அரசுக் கல்லூரிக்கு மாதம் ஒருமுறை கம்பி முறுக்கப் போவது என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு வழிக்கு 600 கி.மீ.க்கு மேல், கூட ஒருவர், இரண்டு நாள் கூலி இழப்பு. இலவச சிகிச்சையின் விலை இப்படியும் ஏறும். பக்கத்தில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில், பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்யும் கம்பி சிகிச்சைக்குக் கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. பலருக்கும் நடைமுறையில் கைகொடுப்பது இதுதான்.

18 வயதில் விழும் ஓட்டை

தாடை எலும்பு வளர்ந்து முடிந்த பிறகுதான் இந்த அறுவை சிகிச்சையைச் செய்வார்கள். முன்கூட்டியே செய்தால், குறிப்பாகக் கீழ்த்தாடை நீளமாக இருப்பவர்களுக்கு, எலும்பு மறுபடியும் வளர்ந்து பழைய நிலைக்கே வந்துவிடக்கூடும். பெண்களுக்கு ஏறக்குறைய 16, 17 வயது, ஆண்களுக்கு 18 அல்லது அதற்கும் மேல் என்பது பொதுவான கணக்கு.

இப்போது அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தைப் பாருங்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ளிட்ட பிறவிக் குறைகளுக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. நல்ல திட்டம். வயது வரம்பு 18.

பிளவுபட்ட அண்ணத்தைச் சிறுவயதில் தைத்த குழந்தைகள் சிலருக்கு மேல்தாடை முழுதாக வளராது. தையல் தழும்பும் அதற்கு ஒரு காரணம். கைக்குழந்தையாக இருக்கும்போது உதடு, அதன்பின் அண்ணம், எட்டு, ஒன்பது வயதில் ஈற்றில் எலும்பு ஒட்டு என்று படிப்படியாகச் சிகிச்சை எடுத்துவந்த பிள்ளைக்கு, கடைசிப் படியான தாடை அறுவை சிகிச்சைக்கு வயது வரும்போது திட்டத்தின் வயது முடிந்துவிடுகிறது. விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் எலும்பின் காலண்டரும் திட்டத்தின் காலண்டரும் பொருந்தவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ஸ்மைல் டிரெய்ன் போன்ற தொண்டு அமைப்புகள் பிளவு சிகிச்சைக்காகக் கூட்டு மருத்துவமனைகளுக்குப் பணம் தருகின்றன. முதல் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையிலேயே “தாடை சிகிச்சைக்கும் உதவி உண்டா?” என்று 16 வயதிலேயே கேட்டுவைப்பது நல்லது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காதீர்கள். பிறவிக் குறையின் தொடர்ச்சிதான் இது என்பதற்கு அதுவே ஆதாரம்.

2022இல் முகச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பள்ளிச் சிறுமி ஒருவரின் நிலை செய்தியானதும், தமிழக அரசே தலையிட்டுத் தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு அது சாட்சி. ஆனால் கேமரா வந்தால்தான் கிடைக்கும் என்றால் அது திட்டம் ஆகாது, விதிவிலக்குதான்.

விபத்தில் உடைந்த தாடைக்கு வேறு வழி

இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பைக்கில் போய் விழுந்து தாடை உடைந்தால் பாதை எளிது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கார்டும் தேவையில்லை, வருமான வரம்பும் இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த சாலை விபத்துத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ₹1.5 லட்சம் வரை ரொக்கமில்லா சிகிச்சை உண்டு. தனியார் பாலிசிகளும் விபத்து என்றால் பெரும்பாலும் மறுப்பதில்லை. எஃப்ஐஆர் நகலையும் விபத்துப் பதிவேட்டு நகலையும் வாங்கி வையுங்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்து, ஆறு மாதம் கழித்து இன்னொரு திருத்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அது விபத்தின் தொடர்ச்சி என்று நிரூபிக்க இவை வேண்டும்.

தனியார் பாலிசியில் மூன்று பூட்டு

ஐடி வேலையோ வங்கி வேலையோ பார்க்கும் இளைஞர்கள் நம்புவது ஆபீஸ் குரூப் பாலிசியை அல்லது சொந்தமாக எடுத்த ஒன்றை. இங்கே கிளெய்ம் மறுக்கப்பட மூன்று காரணங்கள் காத்திருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது ‘பல் சிகிச்சை’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ தரும் பொது வரையறையின்படி, பற்கள் அல்லது பற்களைத் தாங்கும் அமைப்புகள் தொடர்பான சிகிச்சை எல்லாம் பல் சிகிச்சை. அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். பல்லைத் தாங்குவது எது? தாடை எலும்பு! இந்த ஒரு தொடரை நீட்டிப் பிடித்தால் தாடை அறுவை சிகிச்சையையே ‘பல் வைத்தியம்’ ஆக்கிவிடலாம். பல பாலிசிகள் விபத்தால் வரும் பல் சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன. என் பார்வையில் இது வலுவில்லாத வாதம். ஈறையும் பல்குழியையும் மனதில் வைத்து எழுதிய வரையறையை, முழு மயக்கத்தில் முக எலும்பையே வெட்டி நகர்த்தும் சிகிச்சைக்குப் பொருத்துவது நியாயம் இல்லை. ஆனால் அதை வாதாடித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது ‘அழகு சிகிச்சை’. 2019இல் ஐஆர்டிஏஐ சீராக்கிய விலக்குப் பட்டியலில் எட்டாம் எண் இது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்கிறது. ஆனால் அதே விதியிலேயே திறவுகோலும் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தாலும் பொருந்தாது. தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு இந்த வாசகம் நன்றாகவே பொருந்தும். ஸ்லீப் ஸ்டடி அறிக்கை கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மெல்ல முடியாதது, வாய் திறக்க வலிப்பது போன்றவற்றில் ‘உடனடி ஆபத்து’ என்ற சொல்லைக் காட்டி மறுக்க இடம் இருக்கிறது. விதியின் பலவீனம் அது.

எஸ்டிமேட்டிலும் ஒரு கண் வையுங்கள். ‘லெ ஃபோர்ட் 1’ என்றால் மேல்தாடை, ‘பிஎஸ்எஸ்ஓ’ என்றால் கீழ்த்தாடை. ‘ஜீனியோபிளாஸ்டி’ என்றால் மோவாய். மூன்றாவது வந்தாலே காப்பீட்டு நிறுவனத்துக்கு ‘அழகு’ என்று சந்தேகம் வரும். அதைத் தனி வரியாக, தனித் தொகையாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அதை மட்டும் மறுக்கட்டும், மொத்த பில்லையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

மூன்றாவது ‘வெளிப்படையான பிறவிக் குறை’. பார்வைக்குத் தெரியும் பிறவிக் குறைகளைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. ஆனால் வரையறைப்படி பிறவிக் குறை என்றால் பிறக்கும்போதே இருக்க வேண்டும். கீழ்த்தாடை நீட்டம் பலருக்குப் பதின்ம வயது வளர்ச்சியில் வருவது. “இது வளர்ச்சிக் கோளாறு” என்று மருத்துவர் எழுதினால், அதுதான் உண்மை என்றால், இந்தப் பூட்டு விழாது. உதட்டுப் பிளவோடு பிறந்தவர்களுக்கு அப்படித் தப்ப வழி இல்லை. அதிகம் தேவைப்படுபவருக்கே கதவு அதிகம் மூடுகிறது.

இதற்கும் மேல் காத்திருப்புக் காலம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பை 2024 ஏப்ரலில் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தார்கள். தாடைக் கோளாறு ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தால் பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பின்னால் மாட்டும். ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டினால் மோசடி தவிர வேறு காரணம் காட்டிப் பழைய தகவல்களைக் கிளற முடியாது என்ற விதியும் உண்டு. ஆனால் நிரந்தர விலக்குகள் எத்தனை ஆண்டு ஆனாலும் கரையாது.

எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டிய ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுப் பாலிசியில், நோய் அல்லது காயத்தால் தேவைப்படும் பல் சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் உள்நோயாளியாக இருந்தால் உண்டு என்றே எழுதியிருக்கிறது. 5% நம் பங்கு. சாதாரணப் பாலிசி என்று ஒதுக்குபவர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

ஒரே வீட்டில் நாலு திட்டம், ஒன்றும் பொருந்தாமல்

கல்லிடைக்குறிச்சியில் 19 வயதுப் பெண் ஒருத்தி, அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா மில்லில் வேலை, அண்ணன் சென்னையில் ஐடி என்று வைத்துக்கொள்வோம். அண்ணனின் குரூப் பாலிசியில் பொதுவாக மனைவி, பிள்ளை, பெற்றோர் வருவார்கள். தங்கச்சி வரமாட்டாள். பீடித் தொழிலாளர் நல நிதிக்கு முக்கூடலில் மருத்துவமனையே இருக்கிறது, ஆனால் அதன் பெரிய உதவித்தொகைகள் புற்றுநோய், இதயம், சிறுநீரகம் போன்றவற்றுக்கு. தாடை அந்தப் பட்டியலில் இல்லை.

அப்பாவுக்கு மாதச் சம்பளம் ₹21,000க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தால், அது நல்ல வழி. இஎஸ்ஐயில் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது, சார்ந்திருக்கும் மணமாகாத மகளும் பயனாளிதான். திருநெல்வேலி இஎஸ்ஐ மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து மேல்மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்க வேண்டும். நேராகத் தனியாரிடம் போய்விட்டுப் பில்லோடு வந்தால் சிக்கல். அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியராக இருந்தால், மாதம் ₹300 பிடித்தம் செய்யும் அந்தத் தனிக் காப்பீட்டில் கேட்கலாம். இது எதுவும் இல்லை என்றால் மிஞ்சுவது முதல்வர் கார்டு.

கம்பி போடும் முன்னால் ஒரு கடிதம்

நிறையப் பேர் கம்பிக்குப் பணம் கட்டி ஒரு வருஷம் ஆன பிறகுதான் காப்பீட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அப்போது பற்கள் அறுவை சிகிச்சைக்கென்றே நகர்த்தப்பட்டிருக்கும், பின்வாங்குவது கஷ்டம். முதலிலேயே கம்பி போடும் மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர் இருவரும் கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டக் கடிதம் ஒன்றை வாங்குங்கள். நோயின் பெயர், மெல்லுதல், பேச்சு, மூச்சில் உள்ள குறை, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, எந்த எலும்பு எவ்வளவு நகர்த்தப்படும், ஏன் கம்பியால் மட்டும் முடியாது என்பதெல்லாம் அதில் வேண்டும். ஓபிஜி, பக்கவாட்டு எக்ஸ்ரே, சிகிச்சைக்கு முந்தைய புகைப்படங்களும் சேரட்டும். கம்பி போட்ட பிறகு ‘முந்தைய நிலை’ திரும்பக் கிடைக்காது. இல்லாத மூச்சுத் திணறலை எழுதச் சொல்லாதீர்கள், பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அந்தக் கடிதத்தை இமெயிலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, “என் பாலிசியில் இது வருமா, வராதா, எந்த விதிப்படி?” என்று எழுத்தில் கேளுங்கள். போனில் ஏஜென்ட் சொல்லும் “பார்த்துக்கலாம் சார்” செல்லாது.

மறுத்தால், மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண் என்று இருக்க வேண்டும். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது. ரொக்கமில்லா அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ₹50 லட்சம் வரை விசாரிப்பார். ஓராண்டுக்குள் போக வேண்டும். ஐஆர்டிஏஐ புகார் எண் 155255. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது

ஜப்பானில் தாடைக் கோளாறு என்று உறுதியானால், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையோடு கம்பிச் செலவையும் பொதுக் காப்பீடு ஏற்கிறது. வெறும் தோற்றத்துக்காகக் கம்பி போட்டால் கிடையாது. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவை, கோளாறின் தீவிரத்தை மதிப்பெண் போட்டு அளந்து, தேவை அதிகம் உள்ளவர்களை எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ‘அழகா, அவசியமா’ என்ற சண்டையைக் கிளெய்ம் மேசைக்கு விடாமல், முன்கூட்டியே அளவுகோல் வைத்துத் தீர்க்கிறார்கள்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்பந்தம் 2022 ஜனவரி 11 முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் போடப்பட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது சிகிச்சைப் பட்டியலும் மாறும். வளர்ச்சிக் கோளாறுக்கான தாடை அறுவை சிகிச்சை தெளிவான பெயரோடு வர வேண்டும். முன்பின் கம்பிச் செலவும் அதே பேக்கேஜில், அரசு மற்றும் பட்டியலில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாக வர வேண்டும். பள்ளிக் குழந்தைகள் திட்டத்தில் பிளவு சிகிச்சை தொடங்கியவர்களுக்கு 18 என்ற வரம்பை, தாடை சிகிச்சை முடியும் வரை, குறைந்தது 21 வரை நீட்டலாம். திட்டத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்த நோயாளிகள் சிறு கூட்டம். அதனால்தான் இதுவரை யாரும் அவர்களுக்காகப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை.